ஏட்காம் லாக் புக்: ஐந்துக்கு இரண்டரை

எம்பிபிஎஸ் முதலாண்டில் சேர்ந்ததும் வாங்கச் சொல்லும் சாமான் பட்டியலில் வெள்ளைக் கோட்டு, டிசெக்‌ஷன் பாக்ஸ், எலும்பு செட் எல்லாம் போக, கடைசியில் எங்கேயோ ஏட்காம் லாக் புக் என்ற இந்தப் பதிவுப் புத்தகமும் இருக்கும். கல்லூரி வாசலில் இருக்கும் செராக்ஸ் கடையில் 180 ரூபாய். பதிப்பகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே சரக்கு நாலைந்து அட்டைகளில் விற்கிறது, எதை வாங்கினாலும் உள்ளே கிட்டத்தட்ட இதேதான். நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அனாடமி நடத்துகிறேன். பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு இந்தப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக என் மேசைக்குத்தான் வரும். அதனால் இது வாங்கியவளின் விமர்சனம் இல்லை, திருத்துகிறவளின் விமர்சனம்.

தெரியாதவர்களுக்காக: 2019இல் நாடு முழுவதும் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோது வந்தது ஏட்காம். மனப்பாங்கு, அறம், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றைப் பாடமாக்கி, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 27 மாட்யூல்கள் வைத்தார்கள். முதலாண்டுக்கு ஐந்து. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று தொடங்கி, சடலமே நம் முதல் ஆசிரியர் என்பதில் முதலாண்டு முடியும். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு மாட்யூல் முடிந்ததும் ரிஃப்ளெக்‌ஷன் எழுதவேண்டும். பார்த்தது என்ன, அது உனக்குள் என்ன செய்தது, இனி நீ என்ன செய்வாய்? இதை எழுதத்தான் இந்தப் புத்தகம்.

முதலில் பொருளாகப் பார்ப்போம். அட்டை கெட்டி, லேமினேட் செய்தது, டீ கொட்டினாலும் துடைத்துவிடலாம். தாள்தான் மெல்லியது, இங்க் பேனா மறுபக்கம் ஊறும். பைண்டிங் பசை ஒட்டியது. ஐந்தாவது மாட்யூல் வரும் பக்கத்தில் அநேகமாக எல்லாப் புத்தகமும் பிளந்துதான் என்னிடம் வருகிறது. காரணம் எளிது: அந்தப் பக்கத்தைத்தான் செராக்ஸ் மெஷினில் அதிகம் கவிழ்க்கிறார்கள்.

உள்ளே ஒவ்வொரு மாட்யூலுக்கும் நாலு பக்கம். அதில் இரண்டரைப் பக்கத்தில் தேசிய மருத்துவக் கமிஷனின் கையேட்டிலிருந்து நோக்கங்களை அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு ஏன் தாள் செலவு? மிச்சமிருக்கும் இடத்தில் மூன்று கட்டங்கள்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. கேள்விகளை நான் குறை சொல்லமாட்டேன். 1970இல் டெரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்காக யோசித்தவை இவை. நர்சிங் வழியாக மருத்துவக் கல்விக்கு வந்து இன்றைக்கும் நிற்கின்றன. 1988இல் கிப்ஸ் என்ற கல்வியாளர் ரிஃப்ளெக்‌ஷனுக்காகச் சொன்ன ஆறு படிச் சக்கரத்தைவிடப் பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு இதுவே போதும் என்பது என் கட்சி.

கோளாறு கட்டங்களின் அளவில் இருக்கிறது. மூன்றும் ஒரே அளவு, ஆளுக்கு ஐந்து வரி. 'என்ன நடந்தது' நிரம்பி வழிந்து ஓரத்தில் ஏறும்: இத்தனை மணிக்கு ஹாலுக்குப் போனோம், உறுதிமொழி எடுத்தோம், பேராசிரியர் பேசினார். 'அதனால் என்ன' கட்டத்தில் ஒரே வரி. 'ஐ லேர்ன்ட் தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் எம்பதி.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை கையெழுத்துகளில் படித்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். சமீபமாக சாட்ஜிபிடி புண்ணியத்தில் இதே விஷயம் இன்னும் அழகான ஆங்கிலத்தில் வருகிறது.

ஒருமுறை ஒரு பெண் வந்து, "மேடம், தமிழ்ல எழுதலாமா?" என்று கேட்டாள். எந்த மொழி என்று புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை, சரி எழுது என்றேன். அவர்கள் அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் டேபிளில் இருந்தது வயதான அம்மாவின் உடல். கையில் பச்சை குத்தியிருந்தது, கோலம் மாதிரி. அன்றைக்கு முன்கை டிசெக்‌ஷன். தோலை விலக்க வேண்டிய இடத்தில்தான் அந்தக் கோலம். யார் கத்தி வைப்பது என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்கள், கடைசியில் தான் வைத்ததாக எழுதியிருந்தாள். தன் ஆத்தாவுக்கும் அதே இடத்தில் பச்சை உண்டாம். அறுத்த பிறகு அந்தத் தோல் துண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாளாம். ஃபார்மலின் நாற்றம், கண் எரிச்சல் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வரிக் கட்டத்தைத் தாண்டி, தாள் ஒட்டி எழுதியிருந்தாள்.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்யவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது தெரியுமா? பி, எம், ஈ என்ற மூன்றில் ஒன்றை வட்டமிட வேண்டும். எதிர்பார்ப்புக்குக் கீழே, எதிர்பார்ப்புக்கு ஏற்ப, எதிர்பார்ப்புக்கு மேலே. பக்கத்துக் கட்டத்தில் முடித்தாயிற்றா, திரும்பச் செய்யவேண்டுமா என்று ஓர் எழுத்து. அப்புறம் கையெழுத்து, தேதி, சீல். ஊசி போடக் கற்றதற்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஆத்தா நினைவுக்கு எப்படி 'எம்' போடுவது? கமிஷன் கொடுத்த மாதிரிப் படிவத்தில் ஆசிரியரின் கருத்தைப் பெற்றுக்கொண்டதாக மாணவர் கையெழுத்திட ஒரு பத்தி உண்டு. அந்தக் கருத்தை எழுத இந்தப் புத்தகத்தில் இடமே இல்லை, பெற்றுக்கொண்டதற்கு இனிஷியல் போட மட்டும் ஒரு விரற்கடை அகலம். நான் வெட்டிய இரண்டரை மதிப்பெண்ணில் ஒன்று இதற்காக. பதில் வராது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை இரண்டாவது தடவை மனசைத் திறந்து எழுதும்? செராக்ஸ் கடைக்குத்தான் போகும்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷரோன் என்ற மருத்துவர் 1993இல் தன் மாணவர்களை இணைக் குறிப்பேடு ஒன்று எழுதவைத்தார். கேஸ் ஷீட்டில் எழுத முடியாததை அதில் எழுதவேண்டும். ஒரு நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் அதே நோயில் போன தாத்தா நினைவு வருகிறது என்றால், அதைக் கேஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது, ஆனால் எங்கேயாவது ஏற்றியாக வேண்டும் என்பது அவர் வாதம். எழுதியதை மாணவர்கள் குழுவில் வாய்விட்டுப் படிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். சீல் தேவைப்படவில்லை. ஒரு பேட்சுக்கு 150, 250 பேர் உள்ள நம் கல்லூரிகளில் அது நடக்குமா என்றால் சுலபமில்லைதான். டிசெக்‌ஷன் டேபிள் வாரியாக உட்காரவைத்தால் நடக்கும், செய்துபார்த்திருக்கிறேன்.

இன்னொரு குறை, இது விளையாட்டில்லை. இரண்டாவது மாட்யூலுக்கு வார்டுக்குப் போய் நோயாளியிடம் பேசி எழுதவேண்டும். அந்தப் பக்கத்தின் தலையில் நோயாளியின் பெயர், வயது, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கு? ஹாஸ்டல் கட்டிலில் கிடக்கும் ஒரு புத்தகம் இது. இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு சிறுவன் இறந்த வழக்கில் தண்டனை பெற்ற டாக்டர் ஹடீசா பாவா-கர்பாவின் பெயர் 2018 ஜனவரியில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, ஆகஸ்டில் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. அவர் எழுதிய ரிஃப்ளெக்‌ஷனே அவருக்கு எதிராகப் போனது என்ற பேச்சு அங்கே பரவியது. அந்தக் குறிப்பேடு வழக்கில் ஜூரி முன் சான்றாக வைக்கப்படவில்லை என்று அவருக்குத் துணைநின்ற மருத்துவர் பாதுகாப்பு அமைப்பு விளக்கியும் பயம் போகவில்லை. அதே வருடம் செப்டம்பரில் அங்கே வெளியிட்ட வழிகாட்டுதல், ரிஃப்ளெக்‌ஷனில் ஆளை அடையாளம் காட்டாதே, கற்றுக்கொண்டதை எழுது என்கிறது. நம் பதிப்பாளரோ ஐபி நம்பர் கேட்கிறார். என் மாணவர்களிடம் அந்தக் கோட்டை அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

வாங்கலாமா என்றால், வாங்கத்தான் வேண்டும். எங்கள் கல்லூரியில் இது இல்லாமல் இன்டர்னல் மார்க் வராது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி முதுகை வெட்டி ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள், முப்பது நாற்பது ரூபாயில் முடிந்துவிடும், பக்கம் சேர்க்கவும் வசதி. கூடவே கோடு போடாத ஒரு சின்ன நோட்டு. வார்டிலிருந்தோ ஹாலிலிருந்தோ வந்த அன்றைக்கே, வருகிற மொழியில் அதில் எழுதுங்கள், லாக் புக்குக்கு வேண்டியதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுப் புத்தகத்துக்கு மாட்யூல் எட்டு, விலை கூடுதல், கட்டம் அதே ஐந்து வரிதான்.

சீனியர் யாராவது தன் பழைய புத்தகத்தைச் சும்மா தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதையும் நான்தான் திருத்தியிருப்பேன்.