ஜனாதிபதியை நாமே தெரிவு செய்வதா, நம் சார்பில் சிலர் தெரிவு செய்வதா?

மட்டக்களப்பில் தேர்தல் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது.

செலவு: நேரடித் தேர்தலுக்கு நாடு முழுக்க வாக்களிப்பு நிலையம் வேண்டும். 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க 134 எம்.பி.க்களின் வாக்குகளோடு ஜனாதிபதியாகத் தெரிவானது பாராளுமன்றத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.

வாக்கின் பெறுமதி: நேரடியில் கல்முனை வாக்கும் கொழும்பு வாக்கும் ஒன்றுதான், 1, 2, 3 என்று விருப்பு வரிசையும் இடலாம். அமெரிக்காவில் மக்கள் வாக்களித்தாலும் முடிவு அவர்கள் சார்பில் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் 538 தேர்வாளர்கள் கையில், வெல்ல 270 வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதிக வாக்குப் பெற்றவருக்கே அத்தனை தேர்வாளரும் என்பதால், 2016இல் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் ஹிலாரி தோற்றார். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

சரி, எதற்கு எது? இடையில் வெற்றிடம் வந்தாலோ, இந்தியாவில் போல அதிகாரம் குறைந்த பதவி என்றாலோ மறைமுகம் போதும். நிறைவேற்று அதிகாரம் என்றால் நேரடிதான், வேட்பாளர் எங்கள் வாக்கைத் தேடி இங்கே வர வேண்டிய கட்டாயம் அதில்தான் இருக்கிறது.