கரையோரப் பட்டறையா, உள்ளே தள்ளிய ஷெட்டா?

கடலோர ஊரில் சின்னப் பட்டறைக்கு இடம் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கும் பழைய கான்கிரீட் கட்டடம். இன்னொன்று, நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, பெரிய சாலைப் பக்கம் நிற்கும் இரும்பு ஷெட். இரண்டும் ஒரே பரப்பளவு என்றால் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தோன்றும். அதற்கு முன் உப்பைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

அலை உடையும்போது எழும் உப்புத் துளிகளில் பெரும்பகுதி கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை அரிப்பின் கடுமையைச் சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. உள்ளே தள்ளிய இடத்தைச் சி3 என்று வைத்துக்கொண்டால், இரும்பைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சு அங்கே ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேயும். அலையடிக்கும் கரை போன்ற சி5-இல் அது 4.2 முதல் 8.4 வரை. சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு இருப்பதே சுமார் 20 மைக்ரான்தான். பெயின்ட் அடிக்காத அதே தகடு உள்ளே ஏறக்குறைய பத்தாண்டாவது தாங்கும். அலையடிக்கும் கரையில் ஐந்தாண்டே பெரிது.

பார்க்கப் போகும்போது கூரையின் மேற்பக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதை மழை கழுவிவிடும். இறவாணத்துக்கு அடியிலும் ஷட்டர் பெட்டிக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் துத்தநாகம் கரைகிறது என்று அர்த்தம். செம்பழுப்பாக ஒட்டினால் துரு இரும்புக்கே வந்துவிட்டது.

கான்கிரீட் கட்டடம்தானே, துருவுக்கு என்ன பயம் என்பார்கள். எனக்கு அதில்தான் கூடுதல் பயம். உப்பு மெல்ல ஊறிக் கம்பியைத் தொட்டதும், துரு இரண்டு மடங்குக்கு மேல் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். தூணில் கம்பி ஓடும் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் தெரிந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு வேலையால் அது தீராது. இரும்பு ஷெட்டில் கெட்டது கண்ணுக்குத் தெரியும், தகடு தகடாக மாற்றவும் முடியும். பழைய கட்டடத்தின் கூரை ஆஸ்பெஸ்டாஸா என்பதையும் விசாரித்துவிடுங்கள்; கழற்றும் செலவு தனி.

அப்புறம் மெஷின். கரையோரத்தில் லேத் பெட்டுக்கு (கடைசல் மெஷினின் இரும்பு அடித்தளத்துக்கு) எண்ணெய் பூசாமல் விட்டால் மறுநாள் காலையிலேயே பழுப்புப் புள்ளிகள் நிற்கும். தினமும் துடைக்க ஆள் வேண்டும்.

உள்ளே தள்ளிய ஷெட்டில் லாரி திரும்ப இடமும் மூன்று ஃபேஸ் மின்சாரமும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். புயலில் கடல் ஏறி வரும் அபாயமும் அங்கே குறைவு.

படகு பழுது, ஐஸ் என்று தண்ணீரை நம்பிய தொழிலுக்கு மட்டும் கரைதான் சரி. அவர்களுக்கும் நான் சொல்வது, கரையில் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். கையெழுத்துப் போடும் முன், கூரையும் ஷட்டரும் பழுதானால் யார் பொறுப்பு என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிடுங்கள்.