லீஸ் முடிந்த காரை நாங்களே வாங்கிக்கொண்டோம்

மூன்று வருட லீஸ் முடிந்ததும் எங்கள் சாம்பல் நிற ஹேட்ச்பேக்கைத் திருப்பிக் கொடுக்காமல் நாங்களே வாங்கிக்கொண்டோம். காருக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். லீஸ் நிறுவனம் கடைசி இரண்டு மாதம் நடந்துகொண்ட விதத்துக்கு மூன்றுக்கு மேல் தர மனசு வரவில்லை.

முதலில் பணக் கணக்கு, ஏனென்றால் முக்கால்வாசி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. லீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே, கடைசியில் கார் என்ன மதிப்பில் நிற்கும் என்று ஒரு தொகையை எழுதிவிடுவார்கள். எஞ்சிய மதிப்பு என்பது அதுதான். கடைசியில் காரை வாங்க நினைத்தால் அடிப்படை விலையும் அதுதான். காரின் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மாதங்களால் வகுத்து, வட்டியைச் சேர்த்தால் மாதத் தவணை. இத்தனை நாள் நாம் கட்டி வந்தது காரின் தேய்மானத்தையும் வட்டியையும். புதுக் கார் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், எங்கள் ஒப்பந்தத்தில் எஞ்சிய மதிப்பு 52.

இந்த 52 மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட கணிப்பு. இன்றைய சந்தை எங்கே நிற்கிறது என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். இணையத்தில் போட்டிருக்கும் விலைகளை நான் நம்பவில்லை, அவை விற்பவரின் ஆசை. ஒரு பழைய கார் கடையில் இதே மாடல், இதே வருடம், ஏறக்குறைய இதே அளவு ஓடிய வண்டி என்ன விலைக்கு முடியும் என்று கேட்டேன். 63 என்றார்கள். இன்னொரு கடையில் என் காரைக் காட்டி, நீங்கள் எடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். 54 என்றார்கள்.

அப்புறம் லீஸ் நிறுவனத்திடம், எல்லாம் சேர்த்து நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டேன். அவர்கள் முதலில் அனுப்பிய கடிதத்தில் எஞ்சிய மதிப்பு மட்டும்தான் இருந்தது. வாங்குவதற்கான கட்டணம், வரி, பெயர் மாற்றச் செலவு எல்லாம் இரண்டாவது கடிதத்தில் வந்தது, அதுவும் நான் விடாமல் கேட்ட பிறகு. மொத்தம் 56.

வாங்கி உடனே விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை, 56 கொடுத்து 54-க்கு விற்க வேண்டிவரும். ஆனால் வைத்து ஓட்டப் போகிறவர் ஒப்பிட வேண்டியது 63-உடன். கார் இல்லாமல் எனக்கு முடியாது, இதைத் திருப்பிக் கொடுத்தால் இதே போல ஒன்றை 63 கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இந்த இரண்டு ஒப்பீட்டையும் குழப்பிக்கொண்டு நல்ல காரைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கணிப்பும் சந்தையும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு 2021, 2022 நல்ல உதாரணம். சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் வராமல், பழைய கார் விலை பல நாடுகளில் மேலே போனது. 2018, 2019-ல் எழுதிய ஒப்பந்தங்களில் இருந்த எஞ்சிய மதிப்பு சந்தை விலையைவிட மிகவும் கீழே நின்றது. அப்போது கார் வேண்டாம் என்று நினைத்தவர்கூட வாங்கி விற்றிருக்கலாம். மின்சாரக் கார்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2023-ல் புதுக் கார்களின் விலையையே குறைத்தபோது பழையவற்றின் விலையும் சரிந்து, ஒப்பந்தத்தில் இருந்த தொகை சந்தையைவிட உயரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த நிலையில் இருப்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது. வாங்கியே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், சில நிறுவனங்கள் இறங்கி வரும்.

எங்கள் முடிவை உறுதிப்படுத்தியது கிலோமீட்டர். ஒப்பந்தத்தில் இருந்த எல்லையைத் தாண்டி ஓட்டியிருந்தோம். திருப்பிக் கொடுத்தால் கூடுதலாக ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பணம். போதாக்குறைக்கு இடது பின்கதவில் ஒரு நசுங்கல், ஒரு அலாய் வீலில் நடைபாதைக் கல் உரசிய தழும்பு. லீஸ் முடிவதற்கு முன்பே வந்து பார்த்த ஆய்வாளர் எல்லாவற்றையும் படம் எடுத்துக் குறித்துக்கொண்டார். டயர் பள்ளத்தையும் அளந்தார். பல நாடுகளில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், லீஸ் நிறுவனங்கள் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பதுண்டு. காரை நாமே வாங்கினால் கிலோமீட்டர் அபராதமும் இல்லை, நசுங்கலுக்குப் பணமும் இல்லை. எல்லையைவிடக் குறைவாக ஓட்டியவருக்கும் ஒரு வார்த்தை: திருப்பிக் கொடுக்கும்போது ஓட்டாத கிலோமீட்டருக்கு யாரும் பணம் தருவது அபூர்வம். அந்தக் கூடுதல் மதிப்பு, வாங்கினால் மட்டுமே உங்கள் கைக்கு வரும்.

சரி, கார் எப்படி இருக்கிறது? மெக்கானிக்காக இருக்கும் என் தம்பியிடம் சொல்லி லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். “அக்கா, என்ஜினைப் பற்றிக் கவலைப்படாதே, கீழே செலவு இருக்கிறது” என்றான். முன் பிரேக் டிஸ்க்குகளின் ஓரம் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் ரப்பர்களில், வெடிப்பு ஆரம்பித்திருந்தது. இரண்டு டயர் சீக்கிரம் மாற்ற வேண்டும், பேட்டரியும் வந்தபோது இருந்த அதே பேட்டரி. இந்த என்ஜினில், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் அந்தப் பெரிய செலவு கணக்கில் இல்லை. பெல்ட் உள்ள வண்டி என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பார்த்து, அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய மாடல்களுக்கு வாரண்டியும் மூன்று வருடம், லீஸும் மூன்று வருடம் என்பதால், கார் நம் பெயருக்கு வரும் நேரத்தில்தான் பாதுகாப்பு விலகுகிறது.

இந்தச் செலவையெல்லாம் சேர்த்தும் 63-க்குக் கீழேதான் வந்தது. அதோடு இந்த வண்டியின் வரலாறு முழுவதும் எனக்குத் தெரியும். ஆயில் எப்போது மாற்றியது, எந்தச் சர்வீஸில் என்ன செய்தார்கள், எல்லா ரசீதும் என்னிடம் இருக்கிறது. குளிர்ந்த என்ஜினோடு யாரும் விரட்டி ஓட்டவில்லை. அந்த நசுங்கலையும் உரசலையும் தவிர எங்கும் மோதவில்லை. கடையில் 63-க்கு நிற்கும் கார் பளபளவென்று இருக்கும், அதன் மூன்று வருடத்தைப் பற்றி விற்பவர் சொல்வதை மட்டுமே நம்ப வேண்டும். எனக்கு இதுதான் பெரிய காரணம்.

நிறுவனத்தின் மேல் உள்ள குறைக்கு வருகிறேன். லீஸ் முடியப் போகிறது என்றதும் புது மாடலை லீஸுக்கு எடுக்கச் சொல்லி அழைப்பு மேல் அழைப்பு. வாங்க வேண்டும் என்றால் ஷோரூமுக்கு வாருங்கள் என்றார்கள். அங்கே போனால் ஆவணக் கட்டணம், தரச் சான்று, நீட்டித்த வாரண்டி என்று மேலும் மூன்று வரிகள் சேர்ந்த தாள் ஒன்றை நீட்டினார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. பணம் கொடுத்த நிதிப் பிரிவோடு நேரடியாகப் பேசியதும் அந்த மூன்றும் காணாமல் போயின. அங்கே பேசிய பெண் பொறுமையாக, தெளிவாக எல்லாம் சொன்னார். அந்த மூன்று மதிப்பெண்ணும் அவருக்காகத்தான்.

எல்லா லீஸிலும் வாங்கும் உரிமை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் கொண்டுவந்த இவி1 மின்சாரக் காரை லீஸுக்கு மட்டுமே கொடுத்தார்கள். ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் தராமல் திரும்ப எடுத்து, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். டெஸ்லா 2019-ல் மாடல் 3-க்கு லீஸ் தொடங்கியபோதும் முடிவில் வாங்கும் வழி வைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், மற்ற கணக்கெல்லாம் அப்புறம்.

கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால், பழைய காருக்கான வட்டி புதுக் காருக்கானதைவிடப் பொதுவாக அதிகம் என்பதை நினைவில் வையுங்கள், லீஸ் நிறுவனம் சொல்லும் வட்டியோடு வேறு ஓரிரு இடத்திலும் கேளுங்கள். பணம் கட்டியதும் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கி, பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். வங்கியில் மாதத் தவணைக்குக் கொடுத்திருந்த தானியங்கி உத்தரவையும் நிறுத்திவிடுங்கள்.