மேனிங்கா, லீஃபா: 1998 டிராஃப்டின் பெரிய கேள்வி

1998-இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் வாய்ப்பு இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியிடம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் இரண்டு குவாட்டர்பேக்குகளில் யாரை எடுப்பது: டென்னஸி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங்கா, வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃபா? இன்று சிரிப்பு வரும், அன்று நிஜமாகவே இழுபறி.

கை வலு, உடல்வாகு என்று பார்த்தால் லீஃப் ஒரு படி மேல். 1997 பருவத்தில் 34 டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளியாக முடிந்த எறிதல்கள்), அணி ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டம் வரை போனது. இன்னும் வளர இடமிருக்கிறது என்றார்கள். மேனிங்கோ நான்கு ஆண்டும் கல்லூரியில் ஆடி முடித்தவர், தந்தை ஆர்ச்சியும் குவாட்டர்பேக். எதிரணித் தடுப்பைப் படித்து, கடைசி நொடியில் ஆட்டத்தை மாற்றும் மூளை. எனக்கு அதுதான் பெரிது. பந்தை எவ்வளவு தூரம் எறிந்தாலும், யாருக்கு எறிவது என்று தெரியாவிட்டால் வீண்தான்.

லீஃபிடம் இன்னொரு நெருடல்: தேர்வு முகாமில் கோல்ட்ஸுடனான சந்திப்பையே தவறவிட்டார்.

கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. சான் டியேகோ லீஃபை இரண்டாவதாக எடுத்தது. முதல் வருடம் மேனிங்கும் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) கொடுத்தார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கூடவே 26 டச்டவுன். லீஃபுக்கு 15 இன்டர்செப்ஷன், டச்டவுன் இரண்டே இரண்டு. கான்சஸ் சிட்டிக்கு எதிராக 15 பாஸ்களில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது, அதுவும் 4 கெஜம்.