‘100% காஷ்மியர்’ லேஸ் நூல் வாங்கியவர்கள் சிட்டத்தைப் பிரிக்கும் முன் படிக்கவும்

லேஸ் ஷால் பின்னுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘100% காஷ்மியர், 2/28, சிட்டம் ஒன்றுக்கு 50 கிராம், 700 மீட்டர்’ என்று இணையத்தில் விற்ற நூலை மூன்று பேர் சேர்ந்து 6 சிட்டம் (வளையமாகச் சுற்றி முறுக்கிய நூல்கட்டு) வாங்கினோம். சிட்டம் ஒன்று 690 ரூபாய். வந்த நூலில் காஷ்மியர் (ஆட்டின் மெல்லிய உள்மயிர்) ஒரு இழைகூட இல்லை. கம்பளியும் இல்லை, பட்டும் இல்லை. அக்ரிலிக்கும் (செயற்கை இழை) விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) கலந்து முறுக்கிய நூல் அது. போதாததற்கு நீளத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ஏமாந்ததற்கு முதல் காரணம், லேபிளில் இருந்த கணக்கு சரியாக இருந்ததுதான். கம்பளிக் கணக்கில் 2/28 என்றால் ஒரு புரி கிராமுக்கு 28 மீட்டர் ஓடும். இரண்டு புரியை முறுக்கினால் கிராமுக்கு 14 மீட்டர். அப்படியானால் 50 கிராமுக்கு 700 மீட்டர். (திருப்பூர் பக்கம் பழக்கமான பருத்திக் கவுண்ட் வேறு கணக்கு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எஸ்தோனியாவின் ஹாப்சலு ஷாலுக்கு வழக்கமாக எடுக்கும் நூலும் இந்தப் பருமன்தான், 100 கிராமுக்கு சுமார் 1400 மீட்டர். ஆக, ஒரு ஷாலுக்கு இரண்டு சிட்டம் என்று கணக்குப் போட்டோம். லேபிளை எழுதியவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தே பொய் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது காரணம், கைக்குக் கிடைத்த மென்மை. சாயமேற்றிய பிறகு சிலிக்கான் மென்மையாக்கியில் முக்கி எடுத்தால் அக்ரிலிக்கும் வெண்ணெய் போல வழுக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குத்தாது. ஆனால் அது ஒரு மாதிரி மெழுகு வழுக்கல். உண்மையான காஷ்மியர் சிட்டத்தில் புதிதாக இருக்கும்போது அவ்வளவு மென்மைகூடத் தெரியாது; பின்னி, அலசி, காயவைத்த பிறகுதான் மெல்லிய பூமயிர் எழும்பி வரும். கடையில் தொட்டவுடனேயே உச்சகட்ட மென்மையாக இருக்கும் நூலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தவறு பிடிபட்டது நுப்பில். ஹாப்சலு ஷாலின் மணிமணியான முடிச்சுக்குப் பெயர் நுப். ஒரே கண்ணியிலிருந்து நிட் (நேர்க்கண்ணி), யார்ன் ஓவர் (ஊசியில் நூலைச் சுற்றி எடுப்பது), நிட் என்று மாறி மாறி 7 அல்லது 9 கண்ணிகளைத் தளர்வாக எடுத்து, அடுத்த வரிசையில் அத்தனையையும் ஒன்றாகப் பர்ல் (பின்கண்ணி) போட்டு இறுக்க வேண்டும். கம்பளிக்கு இயல்பாகவே சுருள் உண்டு. தளர்த்திய கண்ணிகள் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு மணியாக உட்காரும். இந்த நூலில் ஏழு கண்ணியும் அப்படியே தொளதொளவென்று தொங்கின. அடியில் இருந்த கண்ணி வாய் பிளந்தது. ஊசியை 3.5 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்கு மாற்றியும் சரியாகவில்லை. முன்னாளில் ஹாப்சலு ஷாலை எடை போட்டு விற்றார்கள், எடை கூட்டவே நுப்பை நெருக்கமாகப் போட்டார்கள் என்பார்கள். நல்ல நூலில் நுப் நிஜமாகவே கனமாக, உருண்டையாக இருக்கும். அது வராவிட்டால், கையைக் குறை சொல்லும் முன் நூலைச் சோதியுங்கள்.

அதுவரை பின்னிய 40 செ.மீ. துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்துக் குண்டூசி குத்தினோம். காய்ந்து ஊசியை எடுத்ததும் ஓரங்கள் சுருண்டு, யார்ன் ஓவர் துளைகள் எல்லாம் மூடிக்கொண்டன. கம்பளி இழைக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் பிணைப்புகள் சில விடுபட்டு, இழுத்த நிலையிலேயே காயும்போது மறுபடி பிணைந்துகொள்ளும். அதனால்தான் பிளாக்கிங் (இப்படி நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைப்பது) செய்த லேஸ் அடுத்த அலசல் வரை விரிந்தே நிற்கிறது. அக்ரிலிக் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. விஸ்கோஸ் குடிக்கும், ஆனால் நனைந்ததும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். பாரத்தில் தொங்கி நீளுமே தவிர, வடிவம் பிடிக்காது. துளையை விரிக்கத்தான் லேஸ் பின்னுகிறோம். அதுவே நடக்காத நூலுக்கு என்ன விலை கொடுத்தாலும் வீண். இதில் பெரிய நஷ்டம் பணம் அல்ல. பிளாக்கிங் வரை போய்த்தான் மோசடி தெரியும் என்றால், நூறு மணி நேரத்துக்கு மேல் போட்ட கையுழைப்பு போய்விடும்.

அதனால் பார்சல் வந்த அன்றே, சிட்டத்தின் கட்டு நூல்களை அறுக்காமல் செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்கிறோம். கட்டை அறுக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘சிட்டத்தைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்பது இந்த விற்பனையாளரின் நிபந்தனை. சிட்டத்தை உருண்டையாகச் சுற்றாமல் யாரும் பின்ன முடியாது. சுற்றிவிட்டால் ‘பயன்படுத்திய பொருள்’ என்கிறார்கள்.

முதலில் நீளம். சிட்டத்தின் முறுக்கை மட்டும் அவிழ்த்து, நாற்காலியின் முதுகில் மாட்டி, இழுக்காமல் டேப்பால் சுற்றளவை அளக்கவும். பெரும்பாலும் 1.5 மீட்டர் இருக்கும். கட்டு போட்ட இடத்தில் நூல் சிறு சிறு கொத்துகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கொத்திலும் எத்தனை இழை என்று ஊசி முனையால் தள்ளித் தள்ளி எண்ணிக் கூட்டினால் மொத்தச் சுற்று கிடைக்கும். 700 மீட்டருக்கு 466, 467 சுற்று வர வேண்டும். எங்களுக்கு வந்ததில் முதலில் எண்ணிய சிட்டத்தில் 318 சுற்று, அதாவது 477 மீட்டர். மற்றவையும் அதையொட்டியே இருந்தன. எண்ண அரை மணி நேரம் ஆகும், கண் வலிக்கும். ஆனால் விற்பனையாளர் மறுக்க முடியாத ஒரே சாட்சி இதுதான்.

எடை அவ்வளவு உறுதியான சாட்சி இல்லை. அதே சிட்டம் 46.7 கிராம் இருந்தது. இதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போயிருந்தால் தோற்றிருப்போம். கம்பளி காற்றிலிருந்து ஈரத்தை நிறைய இழுக்கும். ஏசி அறையில் காய்ந்த சிட்டமும் சென்னையின் மழைக்காலத்தில் திறந்து வைத்த சிட்டமும் ஒரே எடை காட்டாது. 50 கிராமில் இரண்டு மூன்று கிராம் வித்தியாசத்துக்காக நல்ல வியாபாரியைத் திட்டிவிடாதீர்கள். எடையையும் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெளிவாகும். நகைத் தராசில் 0.01 கிராம் வரை அளக்க முடியுமானால், 10 மீட்டர் நூல் எவ்வளவு என்று பாருங்கள். 2/28 நூல் 0.71 கிராம் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 0.98 கிராம். கிராமுக்கு 14 மீட்டர் என்று சொல்லி, 10 மீட்டர்தான் ஓடும் தடித்த நூலைக் கொடுத்திருக்கிறார்கள். 100 கிராமுக்கு 800 மீட்டர் ஓடும் சாதாரண மெரினோ (மென்மையான செம்மறிக் கம்பளி) லேஸ் என்றால் 10 மீட்டர் 1.25 கிராம், 25 கிராமுக்கு 210 மீட்டர் ஓடும் மொஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்)-பட்டு என்றால் 1.19 கிராம். 0.71, 1.25, 1.19 என்ற இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எரித்துப் பார்க்க வேண்டும். தொங்கும் முனையிலிருந்து 10 செ.மீ. போதும். இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்தவும். காஷ்மியர், மெரினோ, மொஹேர், பட்டு எல்லாம் மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். தீயை எடுத்ததும் தானே அணையும். விரலால் நசுக்கினால் கரி பொடியாகும். அக்ரிலிக் கரும்புகையோடு உருகி, நசுங்காத கறுப்பு மணியாக இறுகும். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், கவனம். விஸ்கோஸ் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். எங்கள் நூலில் காகித வாசனையும் கறுப்பு மணியும் சேர்ந்து வந்தன, மயிர் நாற்றம் துளியும் இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: மயிர் நாற்றம் வந்துவிட்டது என்பதற்காக 100% கம்பளி என்று முடிவு கட்டிவிட முடியாது. முப்பது சதவீதம் கம்பளி கலந்தாலும் அந்த நாற்றம் வரும்.

கலப்படத்தைக் காட்டிக்கொடுப்பது பிளீச்சிங் திரவம். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதியிருக்கும் வெள்ளைத்துணி பிளீச்சைக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஒரு சாண் நூலையும், உறுதியாகக் கம்பளி என்று தெரிந்த வேறொரு துண்டையும் போடவும். ஜன்னலைத் திறந்து வைக்கவும். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. பிளீச் புதிதாக இருந்தால் கம்பளித் துண்டு குமிழ் விட்டுக் கரைந்து காணாமல் போகும், பொதுவாக அரை மணிக்குள். பட்டும் கரையும். அக்ரிலிக், நைலான், விஸ்கோஸ், பருத்தி எதுவும் கரையாது, சாயம் வெளுப்பதோடு சரி. பாதி கரைந்து மெல்லிய இழையாக மிஞ்சினால், மிஞ்சியதுதான் கலப்படம். எங்கள் டம்ளரில் ஒரு மணி நேரம் கழித்தும் நூல் முழுசாகக் கிடந்தது.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. மெரினோவைக் காஷ்மியர் என்று விற்றால் நெருப்பும் பிளீச்சும் பிடித்துக் கொடுக்காது. இரண்டும் ஒரே மாதிரி எரியும், ஒரே மாதிரி கரையும். காஷ்மியர் சராசரியாக 19 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமன் போகக் கூடாது என்பது வழக்கத்தில் உள்ள வரையறை. லடாக்கின் சாங்தாங்கி ஆட்டுப் பஷ்மினா இன்னும் மெல்லியது, 12 முதல் 16 மைக்ரான். ஆனால் மெல்லிய மெரினோவும் 17, 18 மைக்ரானில் கிடைக்கிறது. இழையின் மேல் செதில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதை ஜவுளி ஆய்வுக்கூடத்தில் விடுவதுதான் சரி. பஷ்மினாவுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைப்பு 2019-இல் ஐ.எஸ். 17269 என்று ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. ‘பஷ்மினா நூல்’ என்று சொல்லி விலை கேட்கிறவரிடம் ஆய்வறிக்கை இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மோதிரச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து, ரஷ்யாவின் ஓரென்பர்க் ஷால்கள் மோதிரத்துக்குள் புகுந்து வருவது பிரசித்தம்தான். வழுக்கும் மெல்லிய விஸ்கோஸ் ஷாலும் அதே மோதிரத்துக்குள் சிரமமில்லாமல் போகும். விற்பனையாளர் போட்டிருந்த வீடியோவே அதுதான்.

கேட்டதற்கு வந்த பதில்களையும் சொல்லிவிடுகிறோம், நாளை உங்களுக்கும் இதே வரும். ‘கைச்சாயம், அதனால் சிட்டத்துக்குச் சிட்டம் மாறும்.’ சாயம் மாறலாம், ஆடு அக்ரிலிக்காக மாறாது. ‘மில்லில் இருந்து அப்படித்தான் வந்தது.’ பிறகு, அடுத்த கொள்முதலுக்கு 30% தள்ளுபடிக் கூப்பன். அதை ஏற்காதீர்கள், ஏற்றால் பிரச்சினை தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர்களுடைய ‘பிரித்தால் வாபஸ் இல்லை’ அதற்கு மேல் நிற்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். பிரிக்காத 4 சிட்டத்துக்கும் பணம் திரும்பியது. சுற்றிய இரண்டுக்கு இன்னும் இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கைவசம் இருக்க வேண்டியவை: விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (புகார் போனதும் அந்தப் பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள்), பில், லேபிளின் படம், பார்சலைப் பிரிக்கும் வீடியோ, தராசில் எடை தெரியும் படம். ஒரு சிட்டத்தையாவது தொடாமல் ஆய்வுக்காக எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே இந்த நூலில் பின்னி முடித்துவிட்டவர்கள் ஷாலை நனைத்துத் தொங்கப்போடாதீர்கள். விரித்துக் குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டினால் அக்ரிலிக் தளர்ந்து துளைகள் ஓரளவு விரியும். இது ஒருவழிப் பாதை, பிறகு பழைய நிலைக்கு வராது; முதலில் மாதிரித் துண்டில் பாருங்கள். நுப் வைத்த பகுதிக்கு ஆவி வேண்டாம், தட்டையாகிவிடும்.

அதே நூல், அதே சாம்பல்-ரோஜா நிறப் படம், இப்போது வேறு பெயரில் ‘காஷ்மியர் டச்’ என்று மாற்றி விற்பனைக்கு வந்திருக்கிறது. காஷ்மியர் டச், ஃபீல், டைப் என்ற சொற்கள் இழை எது என்று சொல்லவே சொல்லாது. பழைய ‘2/28, 700 மீட்டர்’ வரியை மட்டும் இன்னும் நீக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்க வேண்டாம்.