மலையேறும் பூட்ஸுக்குப் புது அடிப்பாகம்: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செருப்புக் கடை

பரணிலிருந்து இறக்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனை வரைதான் நடந்திருப்பேன். வலது காலின் அடிப்பாகம் வாய் பிளந்து தொங்கியது. கழற்றிப் பார்த்தால், தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதி காய்ந்த புட்டு மாதிரி உதிர்ந்தது. இடது காலும் அப்படியே. நியூசிலாந்து கிளம்ப ஐந்து வாரம்தான் இருந்தது.

நான் மயக்க மருந்து மருத்துவர். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே தென் தீவின் மேற்குக் கரையில் ஆறு மாதம் லோக்கம் பார்த்தேன். ஆள் குறைவான ஆஸ்பத்திரிகளில் இடைக்காலத்துக்குப் போய் வேலை செய்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. ஓய்வு வாரம் முழுக்க மலையிலும் காட்டிலும் இருப்பேன். இந்த பூட்ஸோடுதான் ஆர்தர்ஸ் பாஸில் 1,833 மீட்டர் உயரமுள்ள அவலாஞ்ச் பீக் ஏறினேன். அந்தக் கரையில் பெய்யும் மழை நம் கடலூர் மழையைப் போல இரண்டு மடங்கு. பாதையெல்லாம் ஈரமான வேர், பாசி பிடித்த கல். வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்து வந்தவர்களுக்கு நானே மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன். அதனால் பூட்ஸ் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. புதிதாக வாங்கினால் கால் பழகுவதற்குள் கொப்புளம் வந்துவிடும். இதன் தோலோ என் பாதத்துக்கு அச்சு வார்த்ததுபோல் படிந்திருந்தது, ஒரு கீறல் கூட இல்லை.

தவறு என்னுடையதுதான். நடுவில் இருப்பது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றிலுள்ள ஈரத்தோடு அது மெல்ல வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊரில், பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டால் கேட்கவே வேண்டாம். போட்டு நடந்துகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்கிறார்கள்.

முதலில் போன இரண்டு கடையிலும் இருநூறு ரூபாய்க்கு ஒட்டித் தருகிறோம் என்றார்கள். மூன்றாவதாகத்தான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், நீலத் தார்பாய் கட்டிய இந்தக் கடைக்கு வந்தேன். பெயர்ப் பலகை இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர்தான். பூட்ஸை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

“ஒட்டினா நாலு நாள்தாம்மா. நடுவுல இருக்கறது செத்துப்போச்சு. மொத்தமா சுரண்டி எடுத்துட்டு வேற வைக்கணும்.”

அந்த ஒரு வார்த்தையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. நோயை முதலில் சரியாகச் சொல்கிறவர் கிடைப்பது எந்தத் தொழிலிலும் பெரிய விஷயம்.

பழையதைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி, ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரை ஷீட்டைப் பாத அளவுக்கு வெட்டி இரண்டு அடுக்காக வைத்தார். அது பாலியூரித்தேனைப் போல ஈரத்தில் உதிராது. ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் ஸோலை ஆம்பூரிலிருந்து வரவழைத்தார். சொல்யூஷன் போட்டு ஒட்டியதோடு விடாமல், விரல் பக்கமும் குதிகாலிலும் மெழுகு நூலால் கையாலேயே தைத்தார். இடது பூட்ஸின் நாக்கில் ஓர் ஓட்டை இருந்தது. “எலியாம்மா?” என்று கேட்டார். கியா என்ற மலைக்கிளி என்றேன். மலைக்குடிலின் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தால் கொத்திக் கிழித்துவிடும். நம்பாமல் பார்த்தார், ஆனால் கேட்காமலே அதற்கும் ஒரு தோல் ஒட்டு போட்டுவிட்டார்.

இரண்டு பூட்ஸுக்கும் சேர்த்து 1,850 ரூபாய். அங்கே நான் 400 டாலர் கொடுத்து வாங்கியது.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்றவர் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். ஐப்பசி மழையில் சொல்யூஷன் காயாது, அவசரப்படுத்தாதீங்க என்றார்; காரணம் நியாயமானது, ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வலது ஓரத்தில் பசை வழிந்த கறை இருக்கிறது. எடையும் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருப்பது காலுக்குத் தெரிகிறது.

அப்புறம் செஞ்சி ராஜகிரிக்குப் போய் இரண்டு முறை ஏறி இறங்கினேன், ஒரு முறை மழை விட்ட கையோடு. ஈரப் பாறையிலும் பிடி விடவில்லை. இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கவில்லை, கொப்புளமும் இல்லை. மேற்குக் கரையின் பாசிக் கல் இதைவிட மோசம் என்பதால் அங்கே முதல் இரண்டு வாரம் சிறிய பாதைகளில் மட்டும் நடக்கப் போகிறேன்.

நியூசிலாந்துக்குப் பழைய பூட்ஸ் கொண்டு போகிறவர்கள் விமான நிலையத்தில் அதைக் கண்டிப்பாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம் 400 டாலர். பள்ளங்களில் மண் ஒட்டியிருக்கவே கூடாது. செஞ்சி மண்ணை நான் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்து எடுத்தேன்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது, மழை பிடித்தால் மூடிவிடுகிறார். வாங்கப் போன அன்று அந்தக் கிளியின் படத்தை என் போனில் காட்டினேன். மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு ஒட்டு பத்தாதும்மா” என்று நாக்கில் இன்னொரு அடுக்குத் தைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.