குன்னூர் கல்யாணத்துக்கு மலை ரயிலா, பஸ்ஸா?

பழைய நண்பர் வீட்டுக் கல்யாணம், முகூர்த்தம் காலை 7:30-க்குள் என்றால் அன்றைக்கு மலை ரயிலை நம்பாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் 7:10-க்குக் கிளம்பி குன்னூர் சேர பத்தரை ஆகும். தாலி கட்டி, பந்தியும் ஓடிக்கொண்டிருக்கும். கல்லாறிலிருந்து, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தில் போவதால்தான் அந்த நிதானம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ரயிலே ரத்தாகிவிடும்.

முதல் நாளே, வரவேற்புக்குப் போகிறவர்களுக்கு ரயில்தான் அருமை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் மேட்டுப்பாளையத்தில் அப்படியே மாறி ஏறலாம். டிக்கெட்டை மட்டும் வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். பெட்டி சின்னது, சீர்த்தட்டு, குத்துவிளக்கு, பெரிய சூட்கேஸ் வைக்க இடம் போதாது.

சுமை இருந்தால் பஸ்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். முன்பக்க இருக்கை பிடியுங்கள், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். நீலகிரிக்குள் நுழைய வெளியூர்க் காருக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும், பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதுண்டு; திரும்புகிற ரயிலைப் பிடிக்க ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.